மாற்றம் மெய்யா, தற்செயலா?
கிராம ஆய்வில் மிகைகாண் சோதனைகளைத் தெரிந்தெடுக்கும் முறை

பென்னாகரம் வட்டாரத்தில் நீர் கிடைப்பது மட்டும் தொல்லையன்று. பல இடங்களில் கிடைக்கும் நீரே தொல்லையாகும். பாறை நிலத்தின் ஆழத்திலிருந்து ஆழ்துளைக் கிணற்றின் வழியே மேலே வரும் நீரில் ஃப்ளோரைடு என்னும் உப்பு மிகுந்திருக்கிறது. குடிநீரில் இது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. அளவு மீறினால் வளரும் குழந்தையின் பற்களில் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினாலும் இவ்வுப்பு நீங்காது. நீர் ஆவியாகிக் குறைய, உப்பின் செறிவு கூடுவதே மிச்சம்.

இதற்கென்றே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு, 2013-ஆம் ஆண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குழாய் வீட்டு வாயில் வரை வந்துவிட்டது. ஆனால் குழாய் நீர் குடத்துக்குள் போவது வேறு. குடத்திலிருந்து வாய்க்குப் போவது வேறு. "அந்தத் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது; எங்கள் போர் தண்ணீர்தான் ருசி" என்று சொல்லி, குழாய் நீரைத் துணி துவைக்கவும், ஆழ்துளை நீரைக் குடிக்கவும் வைத்துக்கொள்ளும் இல்லங்கள் உண்டு. எனவே தெருக்கூத்து, வீடு வீடாகச் சென்று கூறுதல், பள்ளிப் பிள்ளைகள் மூலம் சொல்லி அனுப்புதல் எனப் பல வழிகளில் எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பொதுப் பணம் செலவாகிறது.

செலவழித்த பின் நாம் அறிக்கை எழுதுகிறோம். "மக்களிடையே நல்ல விழிப்புணர்வு ஏற்பட்டது" என்னும் வாக்கியத்தை நாமும் பலமுறை எழுதியிருக்கிறோம். எதைக் கண்டு எழுதினோம்? கூத்துக்குக் கூடிய கூட்டத்தைக் கண்டு! கூட்டம் கூத்தைப் பார்க்க வந்ததா, வீட்டுக்குப் போய்த் தண்ணீரை மாற்றிற்றா என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. எண்ணிப் பார்த்திருந்தாலும், முன்பு 34 வீடு, இப்போது 46 வீடு என்று வந்தால், அந்த உயர்வு கூத்தினால் வந்ததா, தானே ஏறி இறங்கும் ஏற்ற இறக்கமா என்று பிரித்தறியும் வகையும் வேண்டும். அவ்வகையைத்தான் புள்ளியியலார் மிகைகாண் சோதனை என்கின்றனர். கல்லூரிப் பாடம் என்று இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் அறிந்த எந்தப் பஞ்சாயத்து அங்கத்தினரும் இதன் உட்பொருளைப் பற்றிக்கொள்ளலாம்.

எட்டு டம்ளர் தண்ணீர்

முதலில் அந்த "ருசி" விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெரியவர் ஒருவர், "கண்ணைக் கட்டிவிட்டாலும் எது போர் தண்ணீர், எது குழாய்த் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன்" என்கிறார் என வைத்துக்கொள்வோம். அவரோடு வாதிட வேண்டாம். ஒரே மாதிரியான எட்டு டம்ளர்களை எடுத்து, நான்கில் ஆழ்துளை நீரும் நான்கில் குழாய் நீரும் ஊற்ற வேண்டும். இரு நீரும் ஒரே இரவு ஒரே இடத்தில் இருந்து, ஒரே குளிர்ச்சியில் இருத்தல் அவசியம். டம்ளர்களைச் சீட்டுக் குலுக்கி வரிசைப்படுத்த வேண்டும். ஊற்றியவர் வேறு, பெரியவரின் எதிரே உட்காருபவர் வேறாக இருக்க வேண்டும். முகக் குறிப்பைப் படிப்பதில் நம் பெரியவர்கள் வல்லவர்கள். நான்கு நான்காக இருப்பதைச் சொல்லிவிட்டு, குழாய் நீர் நான்கையும் பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

எட்டிலிருந்து நான்கைத் தெரிந்தெடுக்க மொத்தம் 70 வழிகள் உண்டு. அவற்றில் முற்றும் சரியான வழி ஒன்றே ஒன்று. ஆகவே ருசி ஏதும் அறியாமல் குருட்டாம்போக்கில் கை வைப்பவருக்கு நான்கும் சரியாக அமைவது 70-இல் ஒரு முறை, அதாவது நூற்றுக்கு ஒன்றரைக்கும் சற்றுக் குறைவு. பெரியவர் நான்கையும் சரியாகச் சொல்லிவிட்டால், "இது குருட்டு அதிர்ஷ்டம்" என்று தள்ளுவது கடினம். நான்கில் மூன்று சரியாகச் சொன்னால்? நான்கில் மூன்றுதான், பெருமைப்படத்தக்கதே என்று தோன்றும். ஆனால் மூன்று சரியும் ஒன்று தவறுமாக அமையும் வழிகள் 16. நான்கும் சரியாகும் ஒரு வழியையும் சேர்த்தால் 17. எழுபதில் பதினேழு என்றால் ஏறத்தாழ நான்கில் ஒரு முறை வெறும் அதிர்ஷ்டமே அந்த அளவு செய்துவிடும். அதை வைத்து எதையும் நாட்ட இயலாது.

இந்த முறையை வகுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் என்னும் அறிஞர். ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் உரப் பரிசோதனைகளின் கணக்கை ஆராய்ந்தவர் அவர். அங்கே ஒரு பெண்மணி, பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லுவேன் என்றாராம். அந்த எட்டுக் கோப்பைத் தேநீரை உதாரணமாக்கி, 1935-ஆம் ஆண்டு வெளியிட்ட பரிசோதனை வகுப்பு பற்றிய நூலில் இக்கணக்கை விளக்கினார். இன்று உலகெங்கும் மருந்து முதல் மனித நடத்தை வரை ஆராய்வோர் கையாளும் முறைக்கு ஒரு குவளைத் தேநீர் வழிகாட்டியிருக்கிறது!

இதில் அடங்கிய நியாயத்தைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். முதலில், "பெரியவருக்கு ருசி தெரியாது, குருட்டாம்போக்கே" என்று ஒரு பேச்சுக்கு ஏற்கிறோம். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அது மெய்யானால், நம் கண் முன் நிகழ்ந்தது போன்ற முடிவு, அல்லது அதனினும் வலுவான முடிவு, எத்தனைக்கு ஒரு முறை நேரும் என்று கணக்கிடுகிறோம். இருபதுக்கு ஒரு முறைக்கும் குறைவாகவே நேரும் என்றால், அந்தக் கருதுகோளைக் கைவிடுகிறோம். இருபதுக்கு ஒன்று, அதாவது நூற்றுக்கு 5 என்னும் எல்லை வானத்திலிருந்து விழுந்ததன்று. வசதிக்காக வைத்துக்கொண்ட வரம்பு. தவறினால் பெரு நஷ்டம் என்னும் காரியத்தில் நூற்றுக்கு ஒன்று என்று இறுக்கிக்கொள்ளலாம்.

படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எழுபதுக்கு ஒன்று என்றால், "பெரியவர் குருட்டாம்போக்காகச் சொன்னார் என்பதற்கு எழுபதில் ஒரு பங்கு வாய்ப்பு" என்று பொருளாகாது. மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருப்பதால் மழை பெய்தது என்று முடிவு கட்டலாமா? தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே போயிருக்கலாம் அல்லவா? கருதுகோள் மெய்யானால் இம்முடிவு எவ்வளவு அரிது என்பதையே சோதனை சொல்லும்; முடிவைக் கண்ட பின் கருதுகோள் எவ்வளவு மெய் என்பதைச் சொல்லாது. இந்த மயக்கம் எங்கும் பரவியிருப்பதைக் கண்டு அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டு எச்சரித்தது.

நம் விஷயத்துக்கு வருவோம். பெரியவர் சரியாகச் சொல்லிவிட்டால் அவர் குறையை ஏற்று, குளோரின் வாடை போக நீரைச் சிறிது நேரம் வாயகன்ற பாத்திரத்தில் வைத்து ஆற்றிக் குடிக்கும் வழியைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்ல முடியாவிட்டால் அவருக்கு ருசி தெரியாது என்று நிரூபணமாகிவிடாது. ருசி தெரியும் என்பதற்குச் சான்று கிட்டவில்லை என்பதே கிடைத்த முடிவு. இந்த வேறுபாட்டைப் பற்றிப் பின்னரும் பேசுவோம்.

ஆம், இல்லை என்னும் கணக்கு

நடத்தை பற்றிய பெரும்பாலான கேள்விகளுக்கு விடை ஆம் அல்லது இல்லை என்றே வரும். குழாய் நீரைக் குடிக்கிறார்களா, இல்லையா? இங்கு முதற்கண் ஒரு சொல். "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டால், அதிகாரிக்குப் பிடித்த விடையே வரும். அதைவிட, "தாகமாயிருக்கிறது, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்டு, எந்தக் குடத்திலிருந்து மொள்கிறார்கள் என்று பார்ப்பது நூறு கேள்விக்குச் சமம். அளவை தவறானால் எந்தச் சோதனையும் அதைத் திருத்தாது.

ஓர் ஊரில் 200 வீடுகளைச் சீட்டுக் குலுக்கி 100, 100 எனப் பிரித்து, ஒரு நூற்றுக்கு மட்டும் ஊழியர் நேரில் சென்று எடுத்துரைத்தார் என்று கொள்வோம். (எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்தவை.) ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், சென்று சொன்ன 100 வீடுகளில் 46 வீட்டார் குழாய் நீர் குடிக்கின்றனர், சொல்லாத 100 வீடுகளில் 34 வீட்டார். பன்னிரண்டு வீடு வித்தியாசம். வெற்றி என்று தண்டோரா போடலாமா?

கார்ல் பியர்சன் என்பார் 1900-ஆம் ஆண்டு வகுத்த கைவர்க்கச் சோதனை இங்கே பொருந்தும். மொத்தம் 200-இல் 80 வீட்டார் குடிக்கின்றனர். சொன்னதால் பயனே இல்லை என்றால், ஒவ்வொரு நூறிலும் 40 வீட்டார் குடிப்பர், 60 வீட்டார் குடியார் என எதிர்பார்க்கலாம். கண்டது 46, 54. மற்றதில் 34, 66. நான்கு இடங்களிலும் வித்தியாசம் 6. அதன் வர்க்கம் 36. அதை எதிர்பார்த்த எண்ணால் வகுத்தால் 0.9, 0.9, 0.6, 0.6, கூட்டினால் 3.0. இவ்வகையான நான்கு கட்டக் கணக்கில் 3.84-ஐத் தாண்டினால்தான் இருபதுக்கு ஒன்று என்னும் எல்லையைக் கடந்ததாகும். 3.0 கடக்கவில்லை! பன்னிரண்டு வீடு வித்தியாசமும் தற்செயலாய் நேர்ந்திருக்கக்கூடும்.

அதே விகிதம் 400 வீடுகளில் கண்டிருந்தால், அதாவது 200-க்கு 92, 200-க்கு 68 என்று வந்திருந்தால், கணக்கு 6.0 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். நூற்றுக்கு 46, நூற்றுக்கு 34 என்னும் விகிதம் மாறவே இல்லை. மாறியது நாம் பார்த்த வீடுகளின் எண்ணிக்கை மட்டுமே. ஆகவே, "பொருளுடைய வேறுபாடு காணவில்லை" என்று ஓர் அறிக்கை வந்தால், முதல் கேள்வி, எத்தனை வீடுகளைப் பார்த்தீர்கள் என்பதாக இருக்கட்டும். சிறிய ஆய்வில் காணவில்லை என்பதைக் காரணம் காட்டி நல்ல வேலையை நிறுத்திவிடுவது, ஒரு சால் மட்டும் உழுதுவிட்டு நிலம் விளையாது என்பதைப் போன்றது.

கட்டங்களில் எதிர்பார்க்கும் எண் ஐந்துக்கும் கீழே போகுமானால் கைவர்க்கம் பிசகும். அப்போது எட்டு டம்ளர் கணக்கைப் போல வழிகளை நேரே எண்ணுவதே நேர்மை.

அதே வீட்டை இரு முறை பார்த்தால்

பலரும் செய்வது, அதே வீடுகளைக் கூத்துக்கு முன்பும் பின்பும் பார்ப்பது. இங்கே கைவர்க்கத்தை மேற்கூறியபடி இட்டால் தவறு. அறுபது வீடுகள் என்று வைப்போம். முன்பு 24 வீட்டார் குடித்தனர், பின்பு 34 வீட்டார். இவற்றை இரு வேறு அறுபதாகக் கொண்டு கணக்கிட்டால் 3.34 வரும், எல்லையைத் தாண்டாது. பயனில்லை என்று எழுதி அனுப்பிவிடுவோம்.

ஆனால் இவை வேறு வேறு வீடுகள் அல்ல, அதே வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே பின்தொடர்ந்தால் வேறு கதை தெரியும். இருமுறையும் குடித்தவை 20. இருமுறையும் குடியாதவை 22. இந்த 42 வீடுகள் மாற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. புதிதாகக் குடிக்கத் தொடங்கியவை 14. இருந்ததையும் விட்டுவிட்டவை 4. மாறிய வீடுகள் பதினெட்டே. மாற்றம் தற்செயல் என்றால், அந்தப் பதினெட்டும் நாணயத்தைச் சுண்டினாற்போல இப்படியும் அப்படியும் ஏறக்குறைய ஒன்பது ஒன்பதாகப் பிரிந்திருக்க வேண்டும். 14-க்கு 4 என்பது அதிலிருந்து வெகுதூரம். இரண்டின் வித்தியாசம் 10, வர்க்கம் 100, மாறிய 18-ஆல் வகுத்தால் 5.56. எல்லையாகிய 3.84-ஐத் தாண்டிவிட்டது. இது குவின் மக்னிமர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1947-இல் தந்த முறை. கணக்கு ஒருவரிதான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: ஒவ்வொரு வீட்டுக்கும் எண் இட்டு, முன்னும் பின்னும் அதே எண்ணில் பதிய வேண்டும். மொத்தத்தை மட்டும் குறித்துவிட்டு வந்தால் எந்தப் பண்டிதர் வந்தாலும் இக்கணக்கைப் போட முடியாது.

மாற்றம் மெய் என்று தெரிந்த பின்னும், அது கூத்தினால் வந்தது என்று சொல்லிவிட இயலாது. இடையில் கோடை வந்து ஆழ்துளைக் கிணறு வற்றியிருக்கலாம், மோட்டார் கெட்டிருக்கலாம். கூத்து நடக்காத வீடுகளையும் அதே காலத்தில் பார்த்திருந்தால் அன்றி இந்தச் சந்தேகம் தீராது. எந்தச் சோதனையும் இதைத் தீர்க்காது. ஆய்வை வகுக்கும் போதே தீர்த்துக்கொள்ள வேண்டிய காரியம் இது.

கலியாண வீடு

ஆம், இல்லை என்று நில்லாமல் அளந்து பார்க்கும் கேள்விகளும் உண்டு. நாளொன்றுக்கு எத்தனைக் குடம் குழாய் நீர் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தார்கள்? இவ்வகைக்கு டி சோதனை ஏற்றது. இதை 1908-இல் வெளியிட்டவர் வில்லியம் காசெட் என்பவர். அயர்லாந்தில் பார்லியிலிருந்து பீர் வடிக்கும் கின்னஸ் ஆலையில் பணியாற்றியவர். ஆலையார் ஊழியர் பெயரில் ஆய்வு வெளியிட ஒப்பாததால் "மாணவர்" என்னும் புனைபெயரில் எழுதினார். நான்கைந்து வயல்களின் விளைச்சலை மட்டும் வைத்து முடிவு காண வேண்டிய நெருக்கடியில் பிறந்த முறை இது. மதுவிலக்குப் பிரசாரம் செய்யும் நமக்கு இந்த வரலாறு சற்று இடறலாயினும், உழவனுக்குப் பயன்படும் முறை என்பதால் ஏற்றுக்கொள்வோம்.

ஒன்பது வீடுகளில் முன்னைவிடப் பின்பு கூடிய குடங்கள் முறையே 2, 0, 1, 3, குறைவு 1, 2, 1, 0, 1 என்று கொள்வோம். சராசரி ஒரு குடம் கூடியிருக்கிறது. ஒவ்வொன்றும் இச்சராசரியிலிருந்து விலகியதை வர்க்கித்துக் கூட்டினால் 12. வீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 8-ஆல் வகுத்தால் 1.5, வர்க்கமூலம் 1.22. இது திட்ட விலக்கம். இதை ஒன்பதின் வர்க்கமூலமாகிய 3-ஆல் வகுத்தால் 0.41. இது திட்டப் பிழை, அதாவது சராசரி எவ்வளவு தள்ளாடும் என்பதன் அளவு. கிடைத்த சராசரி அந்தத் தள்ளாட்டத்தைப் போல எத்தனை மடங்கு? 1-ஐ 0.41-ஆல் வகுக்க ஏறத்தாழ 2.45. ஒன்பது வீடுகளுக்கு அட்டவணை காட்டும் எல்லை 2.31. தாண்டிவிட்டது. ஆற்றில் ஓசை எவ்வளவு இருந்தாலும் அதற்கு மேல் குரல் கேட்கிறதா என்று பார்ப்பதே இதன் சாரம்.

இப்போது ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். மூன்று குடம் கூடிய வீட்டில் கலியாணம் வந்து, 30 குடம் கூடிவிட்டது என்று வைப்போம். சராசரி 1 குடத்திலிருந்து 4 குடமாக ஏறிவிட்டது. மாற்றம் இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டும் அல்லவா? கணக்குப் போட்டால் டி 1.22-ஆக விழுந்துவிடுகிறது! ஒரே வீட்டின் கலியாணம் தள்ளாட்டத்தை அத்தனை பெரிதாக்கி, மற்ற எட்டு வீடுகளின் சாட்சியத்தையும் மூடிவிட்டது. நடத்தை ஆய்வுகளில் இத்தகைய கலியாண வீடுகள் அடிக்கடி வரும். அதனால், அளவுகள் ஒரு பக்கமாக இழுத்துக் கிடந்தால், குடங்களின் எண்ணிக்கையை விட்டு, சிறியது முதல் பெரியது வரை வரிசை எண் இட்டு, அவ்வரிசை எண்களை ஒப்பிடுவது தக்கது. முப்பதும் மூன்றும் அப்போது "யாவற்றிலும் பெரியது" என்னும் ஒரே இடத்தையே பெறும். பிராங்க் வில்காக்சன் 1945-இல் காட்டிய வழி இது. கலியாண வீட்டை அடித்துவிட்டு டி போடலாமே என்று சிலர் கேட்பர். பிடிக்காத எண்ணை அடிக்கும் பழக்கம் ஒரு முறை தொடங்கினால் எங்கே நிற்கும் என்று சொல்ல இயலாது.

வீடு வேறு, ஊர் வேறு

இதுவரை சொன்னவற்றைவிட இப்போது சொல்லப் போவது எங்கள் ஒன்றிய வேலைக்கு முக்கியமானது. ஏனெனில் இதில்தான் நம் ஆய்வுகள் பெரிதும் பிழைபடுகின்றன.

தெருக்கூத்தை வீடு வீடாக நடத்த முடியாது, ஊருக்கு நடத்துகிறோம். ஓர் ஊரில் கூத்து, மற்றோர் ஊரில் இல்லை. இரண்டிலும் நூறு நூறு வீடுகளைப் பார்த்து, இருநூறு வீடு பார்த்துவிட்டோம் என்று கைவர்க்கம் போடுகிறோம். உண்மையில் நாம் பார்த்தது இருநூறல்ல, இரண்டே! ஒரே ஊர் வீடுகள் ஒரே தொட்டியிலிருந்து நீர் பிடிக்கின்றன. ஒரே தேநீர்க் கடையில் பேசுகின்றன. ஓர் ஊர்க்கவுண்டர் சொன்னால் ஐம்பது வீடு கேட்கிறது. ஒரு செடியில் நூறு காய் பறித்துவிட்டு நூறு செடி பார்த்தேன் என்பதற்கு ஒப்பாகும் அது.

அடுத்த மாநிலமாகிய ஆந்திரப் பிரதேசத்தில், நமக்கு அண்மையிலுள்ள சித்தூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு ஒன்று இதைச் சரியாகச் செய்து காட்டியது. சோப்பு போட்டுக் கைகழுவும் பழக்கத்தை வளர்க்க, "சூப்பர் அம்மா" என்னும் ஒரு தாயின் பாத்திரத்தைப் படைத்து, நோய் பயத்தைப் பேசாமல், பிள்ளை வளர்ப்பின் பெருமையையும் நாகரிகத்தையும் பேசினார்கள். 14 கிராமங்களைக் குலுக்கலால் 7, 7 ஆகப் பிரித்தார்கள். ஊருக்கு 25 வீடுகளில், கேட்டு அறியாமல், கண்ணால் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். தொடக்கத்தில், கழுவ வேண்டிய வேளைகளில் சோப்பு போட்டது நூற்றுக்கு 1, 2 என்னும் அளவே. ஆறு வாரத்தில் பிரசாரம் நடந்த ஊர்களில் நூற்றுக்கு 19. மற்ற ஊர்களில் 4. ஆறு மாதத்தில் 37-க்கு 6. அதன் பின் மற்ற ஊர்களிலும் சுருக்கமான பிரசாரம் நடந்தது. ஓராண்டில் இரு பக்கமும் 29. 2014-ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வில் ஒப்பிடப்பட்டவை முந்நூற்றைம்பது வீடுகள் அல்ல, பதினான்கு ஊர்கள் என்பதே நாம் கற்க வேண்டியது. அப்படியிருந்தும் வேறுபாடு தற்செயல் எல்லையைத் தாண்டிற்று. ஆறு மாதத்தில் 37 இருந்தது ஓராண்டில் 29 ஆனதையும் மறைக்காமல் வெளியிட்டிருக்கிறார்கள், இதுவும் பாராட்டத்தக்கது.

நமக்குப் பதினான்கு ஊர் கிட்டாவிட்டால் எத்தனை இருந்தால் போதும்? இங்கே எட்டு டம்ளர் கணக்கே கைகொடுக்கிறது. எட்டுக் குக்கிராமங்களை நான்கு நான்காகப் பிரிக்கும் வழிகள் 70. கூத்து நடந்த நான்கும் நடக்காத நான்கைவிட ஒன்று தவறாமல் மேலே நின்றால், அது தற்செயலாய் நேர்வது எழுபதுக்கு ஒரு முறை. ஆறு ஊர்களை மூன்று மூன்றாகப் பிரித்தால் வழிகள் 20. மூன்றும் மேலே நின்றால் இருபதுக்கு ஒன்று, எல்லையின் விளிம்பில் நிற்கும். நான்கு ஊர்களை இரண்டிரண்டாகப் பிரித்தாலோ வழிகள் 6 மட்டுமே. முடிவு எவ்வளவு நன்றாக வந்தாலும் ஆறுக்கு ஒன்றுக்கு மேல் சொல்ல முடியாது. இரண்டு ஊர் பார்த்து வந்த அறிக்கை பற்றி நாம் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை.

எந்த ஊருக்குக் கூத்து என்பதைத் தலைவர்களோ நாமோ தீர்மானிக்கலாகாது. சாலை நன்றாயிருக்கும் ஊருக்கே கூத்து வண்டி போகும்; அவ்வூர் முன்னமே முன்னேறியதாக இருக்கும். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு வயலைத் தெரிந்தெடுக்கும் முறை விவசாயப் பெருமக்கள் அறிந்ததே: கதிர் முற்றிய நல்ல வயலாகப் பார்த்து எடுப்பதில்லை; குலுக்கல் எண்ணில் விழுந்த சர்வே எண்ணை எடுத்து, அதிலும் எண்ணில் விழுந்த மூலையில் ஐந்து மீட்டர் சதுரத்தைக் கயிறு கட்டி அறுக்கிறார்கள். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பேராசிரியர் மகலனோபிஸ் வங்காளத்தின் சணல் பயிர்க் கணக்கில் இத்தகைய குலுக்கல் மாதிரி முறையைப் பெருமளவில் கையாண்டவர். குலுக்கல் நமக்குப் புதிதுமன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பதை அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ததைச் சொல்கிறது. வாரியத்துக்கு அங்கத்தினரை எடுத்த அதே குடத்தில் எட்டு ஊர்ப் பெயரைப் போட்டால் ஆய்வும் நேர்படும். எங்கள் ஊரை ஏன் விட்டீர்கள் என்னும் சண்டையும் குறையும். விடுபட்ட ஊர்களுக்கு ஆய்வு முடிந்ததும் கூத்தை அனுப்பிவிட வேண்டும். சித்தூரில் செய்ததும் அதுவே.

பொருளுடையது எல்லாம் பயனுடையதா?

பத்தாயிரம் வீடுகளில் 5,000 வீட்டார், மற்றொரு பத்தாயிரத்தில் 5,150 வீட்டார் என்று வந்தால் சோதனை அதைப் பொருளுடைய வேறுபாடு என்றே சொல்லும். நூற்றுக்கு ஒன்றரை வீடு! அதற்காக ஒன்றியம் முழுதும் கூத்து நடத்திப் பணத்தைக் கரைப்பதா என்பதைச் சோதனை தீர்மானிக்காது, பஞ்சாயத்துதான் தீர்மானிக்க வேண்டும். ஆகவே அறிக்கையில், எல்லை தாண்டிற்றா என்பதோடு, எத்தனை வீடு கூடிற்று, ஒரு வீட்டை மாற்ற எத்தனை ரூபாய் ஆயிற்று என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரே ஆய்வில் இருபது கேள்விகள் கேட்டு இருபதுக்கும் சோதனை போட்டால், எதிலும் உண்மையான மாற்றம் இல்லாத போதும், ஏதேனும் ஒன்றாவது எல்லையைத் தாண்டுவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 64. அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் படம் போட்டு அச்சிடுவது பலரும் செய்யும் காரியம். அதனால், எந்தக் கேள்வி முதன்மையானது, எந்தச் சோதனை போடப் போகிறோம் என்பதை, வீடு வீடாகப் புறப்படுவதற்கு முன்பே எழுதி ஒப்பமிட்டு வைத்துவிட வேண்டும்.

அந்தத் தாள் பஞ்சாயத்தின் தீர்மானப் புத்தகத்தில் இருப்பது நலம். எட்டு ஊர்ப் பெயர். குடத்திலிருந்து எடுத்த நாள். எடுத்த பிள்ளையின் வகுப்பு. வீட்டு எண் இட்ட பட்டியல். "எந்தக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு தந்தார்கள்" என்னும் ஒரே கேள்வி. பார்க்கச் செல்பவர் கூத்து நடந்த ஊர் எது என்று அறியாதவராக, அடுத்த பஞ்சாயத்திலிருந்து வருபவராக இருத்தல். நான்கும் மேலே நின்றால் இன்னது செய்வோம், நிற்காவிட்டால் இன்னது செய்வோம் என்னும் இரு வரிகள். இவ்வளவே அதில் வேண்டும். கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றத் தொடங்குமுன் முதற் கணக்கெடுப்பை முடித்துவிட்டால், இரண்டாவதை ஆடிப் பதினெட்டுக்குப் பின், காவிரியில் நீர் நிறைந்து குழாயும் தடையின்றி வரும் வேளையில் வைத்துக்கொள்ளலாம்.